சிவப்புத் தட்டின் வரம்பு

கோவை கணபதியில் கதிரேசனின் பிளாஸ்டிக் பட்டறையில் அன்புச்செல்வி ஒன்பது வருடமாகப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மெஷினிலிருந்து சுடச்சுட விழும் வாளி மூடியின் விளிம்பில் வேண்டாத பிளாஸ்டிக் மெல்லிசாக நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிசிறு. கத்தியை வைத்து ஒரே சுற்றில் அதை வழித்தெடுப்பாள். பிறகு மணிக்கட்டால் ஒரு சுண்டு. மூடி பத்தடி தள்ளி இருக்கும் கூடையில் போய் விழும். விழுந்ததா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "எங்க செல்வி கை பட்டா பீசுல பிசிறுங்கற பேச்சே இல்லீங்க" என்று கதிரேசன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். மனுஷர் பாராட்டினால் சும்மா இருக்க முடிகிறதா? இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்யத்தான் தோன்றும். 1996 ஆடி மாதத்தில் அவளைத் தூக்கமில்லாமல் அடித்தது அந்தப் பாராட்டுதான்.

அவளுடைய அம்மா பாப்பாயி அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் களை வெட்டியே முதுகு வளைந்தவள். அங்கே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "ஏ புள்ளே" என்றால் திரும்ப வேண்டும், தண்ணீர் கேட்டால் கை ஏந்த வேண்டும். அன்புச்செல்வியும் பதினாறு வயது வரை அந்த வரப்பில் நின்றவள்தான். பட்டறையில் வந்து சேர்ந்த முதல் நாள் கதிரேசன் "உள்ள வாங்க அம்மணி, உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினார். அதற்கப்புறம் மரியாதை வாங்க-விலிருந்து வா-வுக்கு இறங்கிவிட்டது என்றாலும், அம்மணி மட்டும் நிலைத்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடுவாள். அந்த வேலை போனால் திரும்ப எங்கே போய் நிற்க வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருடம் வைகாசியில் திருப்பூர் ஏஜென்ட் ஒருவர் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் ஊரில் தட்டை எறிந்தே கோல்ஃப் ஆடுகிறார்களாம். குழிக்குப் பதிலாகச் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. தூரமாகப் போவதற்கென்றே செய்த தட்டுக்கு டிரைவர் என்று பேர் என்றதும் பட்டறையே சிரித்தது. லோடு ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளைக்காரர் மூன்று தட்டுகள் கொண்டு வந்திருந்தார். பட்டறைக்குப் பின்னால் சோளம் அறுத்துக் கிடந்த காட்டில் நின்று, கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து ஒவ்வொன்றாக எறிந்து காட்டினார். வெள்ளை பாதி தூரம் நேராகப் போனதும் இடது பக்கம் வெட்டிக்கொண்டு விழுந்தது. எவ்வளவு பலமாக எறிந்தாலும் அதே பிடிவாதம். மஞ்சள் அதற்கு நேர் எதிர். வலது பக்கம் சாய்ந்தால் சாய்ந்ததுதான், திரும்புகிற எண்ணமே இல்லாமல் வேலி வரை போய்விட்டது. இவை இரண்டும் வேறு ஆட்கள் செய்தவை, ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டு வந்தவை. சிவப்புதான் அவருடையது. வேகம் இருக்கிற வரை நேராகப் போனது, வலது பக்கம் துளி ஒதுங்கியது, வேகம் தளர்ந்ததும் இடது பக்கம் நிதானமாகத் திரும்பி, மற்ற இரண்டையும் தாண்டிப் போய் உட்கார்ந்தது. "இந்த ரெண்டுக்கும் நடுவுல, ரெண்டையும் விடத் தூரம். அப்படித்தான் நமக்கு வேணுமாம்" என்று ஏஜென்ட் தமிழில் சொன்னார். கதிரேசன் அந்த நேரத்தில் விருந்தாளிக்கு இளநீர் சீவச் சொல்லப் போயிருந்தார்.

பிறகு ஆளாளுக்கு எறிந்து பார்த்தார்கள். தட்டு ஒருத்தருக்கும் பணியவில்லை, எல்லாருக்கும் ஆடி ஆடித் தரையில் விழுந்தது. மூடி சுண்டிப் பழகிய அன்புச்செல்வியின் கைக்கு மட்டும் பணிந்தது. அன்று முதல் தட்டு எறிந்து பார்ப்பதும் அவள் வேலையாயிற்று.

சிவப்புத் தட்டைப் பார்த்து டை, அதாவது தட்டு வார்க்கிற இரும்பு அச்சு, செய்கிற வேலை கலீல் ரஹ்மானிடம் போனது. உக்கடத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர், டை பாலீஷ் போடுவதில் கெட்டிக்காரர், பேச்சு குறைவு. ஒரு மாதம் கழித்து டையையும் சிவப்புத் தட்டையும் கொண்டு வந்து கொடுத்தார். தட்டைப் பீரோவில் வைக்கச் சொல்லி அன்புச்செல்வியிடம் தந்தார்கள். அவள் கை சும்மா இருக்குமா? விளிம்புக்கு அடியில் விரலை ஓட்டினாள். மயிரிழை உயரத்துக்குச் சுற்றிலும் வரப்பு மாதிரி ஒரு வரம்பு தட்டுப்பட்டது. வெள்ளைக்காரர் ஊரில் பிசிறு வெட்டுவதற்கு ஆள் கிடையாது போல என்று நினைத்தாள். விருந்தாளியின் பொருளைப் பிசிறோடு திருப்பிக் கொடுத்தால் பட்டறைக்கு என்ன மரியாதை? கத்தியை எடுத்து வழித்தாள். இரண்டு நிமிஷ வேலை. கண்ணாடி மாதிரி ஆக்கிப் பீரோவில் வைத்துவிட்டு மூடி வெட்டப் போய்விட்டாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

ஆடியில் ஒரு புதன்கிழமை புது டையில் முதல் பத்துத் தட்டு எடுத்தார்கள். பத்திலும் அடி விளிம்பில் அந்த வரம்பு இருந்தது. கதிரேசன் சிவப்பைக் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"மாதிரியில இல்லாத வரம்பு டையில எப்படிங்க பாய் வந்துச்சு?"

"மாதிரியில இருந்துச்சுங்க. நகத்துல தடவிப் பாத்துத்தானுங்க வெட்டுனேன்" என்றார் கலீல் ரஹ்மான்.

"இருந்தா இப்ப எங்கீங்க போச்சு? வெள்ளைக்காரரு குடுத்த படத்துலயும் இல்லீங்களே."

கலீல் ரஹ்மான் சிவப்புத் தட்டை வாங்கி நகத்தை ஓட்டினார். இன்னொரு தரம் ஓட்டினார். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டார்.

அன்புச்செல்விக்குத் தான் கத்தியால் வழித்தது ஞாபகம் வந்தது. வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை. ஒருவேளை அந்த வரம்பு ஒன்றுக்கும் உதவாததாக இருக்கலாமே, இல்லாமல் இருப்பதுதான் நல்லதோ என்னவோ என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமாதானம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. "ரெண்டையும் எறி அம்மணி, பாக்கலாம்" என்று கதிரேசன் பின்பக்கக் காட்டுக்குக் கூட்டிப் போனார். புதுத் தட்டை எறிந்தாள். நேராகப் போய், வலது பக்கம் துளி ஒதுங்கி, கடைசியில் இடது பக்கம் திரும்பி உட்கார்ந்தது. சிவப்பை எறிந்தாள். அது வலது பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது, திரும்பவில்லை. சந்தேகத்துக்கு மஞ்சளையும் எறிந்தாள். சிவப்பும் மஞ்சளும் வேலியோரத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. வைகாசியில் வெள்ளைக்காரர் எறிந்தபோது இருபதடி இடம் விட்டு விழுந்தவை. அவள் வழித்தெடுத்தது பிசிறு இல்லை. தட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிற வேலையை அந்த வரம்புதான் செய்துகொண்டிருந்தது.

அன்று சிவப்பு எப்படிப் பறந்தது என்பதைக் கதிரேசன் பார்த்தவரில்லை. "மாதிரி வலது பக்கம் போகுது, நம்முது இடது பக்கம் போகுது. பாத்தீங்களா பாய்?" என்றார். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "டையை லேத்துல ஏத்தி அந்த வரம்பு விழாத மாதிரி சீவிப்போடுங்க. வெள்ளிக்கெழம வந்து எடுத்துட்டுப் போங்க. சனிக்கெழம வெள்ளைக்காரரு வாராருங்க. அதுக்கப்புறம் நமக்கு டை வேலைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறனுங்க."

சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் கலீல் ரஹ்மான் மொபெட்டை மிதித்தார். இரும்பைச் சீவினால் சீவினதுதான்; திரும்ப ஒட்ட முடியாது. அது தெரிந்தும் அன்புச்செல்வி நின்ற இடத்தில் நின்றாள்.

வியாழக்கிழமை முழுக்க மூன்று தடவை ஆபீஸ் கதவு வரை போனாள். ஒரு தடவை கதிரேசன் போனில் இருந்தார். ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை சும்மாதான் உட்கார்ந்திருந்தார், "என்ன அம்மணி?" என்று கேட்டும் விட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பிவிட்டாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்காரன் வேலனிடம் சொன்னாள். "சொன்னா உன்ற வேலை போயிரும், சொல்லாட்டி அவரு வேலை போயிரும்" என்றான் அவன். அது அவளுக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை காலை, டையை எடுக்கக் கலீல் ரஹ்மான் வருவதற்குள் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். அன்னூர் பஸ் கோவில்பாளையம் தாண்டியதும் டயர் பஞ்சராகி நின்றது. ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்க, ரோட்டோரம் நின்று அவள் அழுதே விட்டாள். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். அன்புச்செல்வி பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது டை போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. அப்படியே திரும்பி டவுன் பஸ் பிடித்து, உக்கடத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து ஓடினாள். கலீல் ரஹ்மான் டையை லேத்தில் ஏற்றிவிட்டிருந்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. அவர் உளியைக் கிட்டே நகர்த்திக்கொண்டிருந்தார்.

"பாய், நிறுத்துங்க! நாந்தானுங்க வெட்டுனேன்!"

அவர் மெஷினை நிறுத்தினார். அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள், பிசிறு என்று நினைத்ததையும், புதன்கிழமையே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அவர் டையின் பள்ளத்தில் நகத்தை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். "ரெண்டு நாளா என்ற கையவே நான் நம்பலீங்க அம்மணி" என்றார். "கண்ணு போச்சா, புத்தி பெரண்டுபோச்சானு நெனச்சுட்டு இருந்தேன்."

இரண்டு பேருமாக ஆட்டோவில் டையை வைத்துக்கொண்டு கணபதிக்கு வந்தார்கள். வழியெல்லாம் அவள் ஒன்றையே மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள்: நாந்தானுங்க, நாந்தானுங்க.

கதிரேசனின் மேஜைக்கு முன்னால் போய் நின்றதும் கலீல் ரஹ்மான் முந்திக்கொண்டார். "மாதிரியில வரம்பு இருந்துச்சுங்க. பாலீஷ் போடற பழக்கத்துல நாந்தான் தேச்சுப்போட்டேன். மறந்துட்டனுங்க. டை சரியாத்தான் இருக்குது."

அன்புச்செல்வி திகைத்துப் போனாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும், வேலை நிலைக்கும், அம்மணி நிலைக்கும். கதிரேசன் வாயைத் திறப்பதற்குள் ஒரு மூச்சு நேரம் இருந்தது. இரண்டு நாள் தன் கையை நம்பாமல் தவித்த மனுஷர், இனிமேல் ஊரே அந்தக் கையை நம்பாமல் போனாலும் பரவாயில்லை என்று அவளுக்காக நிற்கிறார். அவளால் தாங்க முடியவில்லை.

"பொய்யுங்க. அவரு தொடவேயில்லீங்க. நாந்தானுங்க கத்தில வழிச்சேன். புதங்கெழமையே தெரியுமுங்க. பயத்துல சொல்லலீங்க."

கதிரேசன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு அவரு வந்தா நீயே சொல்லிப்போடு. எனக்கு வாய் வராது" என்று மட்டும் சொல்லி எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை வெள்ளைக்காரர் வருவதற்குள் காற்று எழும்பிவிட்டது. பாலக்காட்டுப் பக்கமிருந்து எதிர்முகமாக அடித்தது. அன்புச்செல்வி புதுத் தட்டை எறிந்தாள். எதிர்க்காற்றில் அது வலது பக்கம் போயிற்று, இன்னும் வலது பக்கம் போயிற்று, போச்சு என்று அவள் கண்ணை மூடப் போனாள். அப்போது வேகம் தளர்ந்து, மெதுவாக இடது பக்கம் திரும்பி வந்து தரையில் அமர்ந்தது. வெள்ளைக்காரர் கை தட்டினார். பிறகு தன் சிவப்புத் தட்டைக் கேட்டார்.

அவளே எடுத்து வந்தாள். அடி விளிம்பைத் திருப்பிக் காட்டி, கத்தி பிடிப்பது போல விரலை ஓட்டி, தன் நெஞ்சைத் தொட்டாள். கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வெள்ளைக்காரரின் முகம் வெளிறிப் போயிற்று. விளிம்பைத் திரும்பத் திரும்பத் தடவினார். கலீல் ரஹ்மானின் டையில் எடுத்த தட்டை வாங்கி அதையும் தடவினார். இரண்டு வார்த்தை பேசினார்.

"என்னங்க சொல்றாரு?" என்று கேட்டாள்.

கதிரேசன் அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆறு மாசம் கையால தேச்சுத் தேச்சு, எறிஞ்சு எறிஞ்சு பாத்து, அந்த வரம்பைக் கண்டுபிடிச்சாராம். எங்கயும் எழுதி வெக்கலியாம். அது ஒண்ணுதான் இருந்துச்சாம் அம்மணி. இப்ப அது பாயோட டையில மட்டுந்தான் இருக்குது."

அன்புச்செல்விக்கு லேத்தில் சுற்றிக்கொண்டிருந்த டையும் கிட்டே நகர்ந்த உளியும் கண்முன் வந்தன. டயர் மாட்ட இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தால்? அறுத்த சோளத்தாளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி, போய் சோறு உங்கு" என்றார் கதிரேசன். "திங்கக்கெழம கையெழுத்துப் போடறப்ப வெள்ளிக்கெழமைக்கும் சேத்துப் போட்டுரு."