ஹவோட் வீட்டு மேஜையில் மிஞ்சிய வாஷர்

ஹவோட் பண்ணை இத்வாலைப் பற்றி எங்கள் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். எழுபதை நெருங்கும் வயது. பிறந்த வீட்டிலேயே இன்னும் இருக்கிறார். ஒரே ஒருமுறை கார்டிஃப் பட்டணத்துக்கு ரக்பி பார்க்கப் போனவர், ஆடு ஈனும் நேரமாயிற்றே என்று பாதி ஆட்டத்தில் எழுந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். ஆட்டுக்கு நோவு என்றாலும் சரி, வண்டிக்கு நோவு என்றாலும் சரி, அடுத்தவன் கையை வைக்க விடமாட்டார். அப்படி ஒரு வீம்பு.

அவருடைய வண்டி தகரம் தெரியும் பழைய லேண்ட் ரோவர். அந்த இலையுதிர் காலத்தில் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஊளையிட ஆரம்பித்தது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, எஞ்சினின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்குபோடுகிற இரும்புப் பெட்டி அது. அது போனால் மலையேற முடியாது. மலையில் மேயும் ஆடுகளை எல்லாப் பண்ணைக்காரர்களும் சேர்ந்து இறக்கிக் கொண்டுவரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. இத்வால் சீட்டைக் கழற்றினார், தரைத் தகட்டைக் கழற்றினார், பெட்டியை இறக்கினார். கொட்டகையில் கூரை ஒழுகியதால் அதை நேரே சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்தார்.

"ஏய்யா, இது சோறு திங்கிற மேஜையா, ஒர்க்‌ஷாப்பா?" என்றாள் மென்னா. அவர் மனைவி. வாய்த்துடுக்கு அதிகம், ஆனால் அவரோடு நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

"பேப்பர் விரிச்சிருக்கேன் பாரு."

"பேப்பர் விரிச்சா ஆயில் நாறாதாக்கும்! ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறிய மடியில வச்சா திங்கப் போறோம்?"

மடியில் வைத்துத்தான் தின்றார்கள். இத்வால் பழைய பேரிங்குகளைத் தட்டியெடுத்தார், புது ஆயில் சீல்களை அடித்தார், நடுப் பல்சக்கரத்தின் இரு பக்கமும் புது வாஷர்களைப் போட்டார். தேய்ந்த பழைய இரண்டையும் ஜாம் டப்பாவில் எறிந்தார். இந்தப் பெட்டியை ஆயுளில் பலமுறை பிரித்துச் சேர்த்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டே செய்வேன் என்று தம்பட்டம் அடிப்பார். அது பொய்யுமில்லை.

கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டுக் கையைத் துடைக்கும்போது பார்த்தார். பேப்பர் மேல் ஒரு வாஷர் கிடந்தது. பித்தளை நிறம், ஓரத்தில் சின்னக் காது. தேய்ந்தது. நடுப் பல்சக்கரத்துக்குப் போடுகிற அதே வாஷர்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்று வாய்விட்டே கேட்டார்.

டப்பாவைக் கவிழ்த்தார். பழைய இரண்டும் அங்கேயே இருந்தன. அப்படியென்றால் புதியதில் ஒன்றைப் போட மறந்துவிட்டு, பழசு ஒன்றை... இல்லையே, இருக்க வேண்டியதே இரண்டுதானே? பெட்டியைத் திரும்பவும் பிரித்தார். புது வாஷர்கள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. மூன்றாவதுக்கு அந்தப் பெட்டியில் இடமே இல்லை. ஆனாலும் அது மேஜை மேல் இருந்தது. மண்டை காய்ந்துபோயிற்று மனுஷனுக்கு.

"அதிகப்படின்னா தூக்கிப் போடு" என்றாள் மென்னா.

"அதிகப்படி எப்படிடி வரும்? பெட்டி என்ன குட்டியா போடுது?"

மென்னா சிரித்தாள். இத்வால் சிரிக்கவில்லை. அவரைப் பயமுறுத்தியது வாஷர் அல்ல, அப்பாவின் நினைவு. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் ஒவ்வொன்றாக மறந்தார். பூட்ஸை அடுப்புக்குள் வைத்தார். கன்றுக்குப் பால் ஊட்டிவிட்டு வந்து, ஊட்டினேனா என்று கேட்டார். ஒருநாள் இத்வாலையே நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நீ யாரு வீட்டுப் பையன்?" என்றார். தனக்கும் அது வருமோ என்ற பயம் இத்வாலுக்கு ஐம்பது வயதிலிருந்தே உண்டு. மென்னாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது, இந்த வாஷர் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை என்றால், ஆரம்பித்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

மறுபடி சேர்த்தார். மறுபடி பிரித்தார். வாஷரை ஒவ்வொரு தண்டிலும் கோத்துப் பார்த்தார். திருதிருவென்று விழித்தார். பல்சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு கணம் நிஜமாகவே தெரியாமல் நின்றார். பிறகு வெளியே போய் நாய்க்குச் சோறு வைத்தார். திரும்பி வந்து, "நாய்க்குச் சோறு வச்சேனா?" என்று மென்னாவைக் கேட்டார்.

"இப்பதானேய்யா வச்சே? என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

பாவம், அவர் கேட்டது நினைவில்லாமல் அல்ல. நினைவிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான்.

அந்த நேரத்தில்தான் பென்ரியூ பண்ணை ஹெவின் பின்வாசல் வழியாக வந்தார். அடுத்த பண்ணை, அதே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவரிடமும் அதே மாதிரி வண்டி உண்டு. ஆனால் சமீப நாட்களாக நடந்துதான் வருகிறார். நாய்க்கு நடை வேண்டுமாம்.

எங்கள் பக்கத்தில் வந்ததும் வராததுமாக வந்த காரியத்தைச் சொல்பவன் மரியாதை தெரியாதவன். முதலில் தேநீர், வெண்ணெய் தடவிய பழரொட்டி, பிறகு மழையைத் திட்ட வேண்டும், ஆட்டு விலையைத் திட்ட வேண்டும். எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான், "ஆங், கேக்க மறந்துட்டேன்" என்று காரியம் வெளியே வரும். ஹெவின் இந்த வாரம் அடிக்கடி வந்து, எல்லாம் முறைப்படி செய்தார். முதல்முறை, பெட்டி மேஜையில் பிரிந்து கிடந்த சமயம் வந்தபோது மட்டும் தாழ்ப்பாளில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு, ஒன்றுமே கேட்காமல் போய்விட்டார். மென்னாவுக்கு அது விசித்திரமாகப் பட்டது.

இத்வால் அவமானத்தை விழுங்கிக்கொண்டு வாஷரை நீட்டினார். "இது உன்னோடதா பாருடா."

ஹெவின் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னோடதா? என் வண்டிய நான் தொடவே இல்லையே. ராஜா மாதிரி நிக்குது. உன் வண்டிச் சாமான் உனக்கே தெரியலியா? போச்சுடா, கிழடு தட்டிருச்சு!"

"தெரியும், தெரியும்" என்று இத்வால் வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டார்.

தாழ்ப்பாளில் கை வைத்ததும் ஹெவின் கேட்டார்: "ஆங், மறந்துட்டேன். உன் பெரிய ஸ்பேனர் வேணுமே."

"அத செவ்வாக்கிழமையே வாங்கிட்டுப் போனியேப்பா" என்றாள் மென்னா.

"ஆமால்ல" என்று சிரித்துவிட்டு ஹெவின் போனார். இத்வால் காதில் இது எதுவும் விழவில்லை. தன் தலைக்குள் என்ன கழன்றிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு அடுத்தவன் பேச்சு எப்படி விழும்?

கடைசியில் வேறு வழியில்லாமல் வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெட்டியை மூடினார். வண்டியில் ஏற்றி மாட்டுவதற்குப் பெரிய ஸ்பேனர் தேவைப்பட்டது; அது ஹெவினிடம் இருப்பதை மென்னா நினைவுபடுத்தினாள். வயலைக் குறுக்கே கடந்து பென்ரியூவுக்குப் போனார். வீட்டில் ஆளில்லை. கொட்டகைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே ஹெவினின் லேண்ட் ரோவர் கட்டைகள் மேல் நின்றது. சீட்டு இல்லை, தரைத் தகடு இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் வைக்கோல் கட்டின் மேல் வாய் பிளந்து கிடந்தது. இத்வால் குனிந்து உள்ளே பார்த்தார். நடுப் பல்சக்கரத்தின் ஒரு பக்கம் வாஷர் இருந்தது. மறுபக்கம் இல்லை.

சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பொருத்தினார். காது கச்சிதமாக உட்கார்ந்தது.

அட கடவுளே, என்ன சந்தோஷம்! துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. இந்தப் பயல்தான், இது இன்னும் தாங்குமா என்று கேட்கக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, கேட்காமலே போயிருக்கிறான்! என் தலை சரியாகத்தான் இருக்கிறது! இவனை நாலு பேர் நடுவில் வைத்துக் கிண்டல் பண்ணாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. பல்சக்கரங்கள் ஆட்டுத் தொட்டியில் தீவனத்தோடு கலந்து கிடந்தன. பேரிங் ஒன்று தேநீர்க் கோப்பைக்குள் கிடந்தது. சுவரோரம் அவருடைய பெரிய ஸ்பேனர், அதன் பக்கத்தில் போன வருஷம் காணாமல் போன சுத்தியல், அதற்கும் பக்கத்தில் ஒற்றைப் பூட்ஸ். தன் வண்டி ராஜா மாதிரி நிற்கிறது என்று இவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான்.

வாசலில் நிழல் விழுந்தது. ஹெவின் நாயோடு நின்றார். வண்டியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"இத்வால்... யாரோ என் வண்டியப் பிரிச்சுப் போட்டிருக்காங்கடா."

குரல் நடுங்கியது. இத்வாலுக்கு அந்த நடுக்கம் தெரியும். இந்த வாரம் முழுக்க அது அவருடைய நெஞ்சுக்குள்தான் இருந்தது. சுவரோரம் கிடந்த தன் ஸ்பேனரைக் குனிந்து எடுத்தார். பிறகு வாயில் வந்ததைச் சொன்னார்.

"நான்தாண்டா. என் பெட்டிக்கு மாதிரி பாக்கணும்னு பிரிச்சேன். உன்கிட்டச் சொல்லணும்னு நெனச்சு, அடியோட மறந்துட்டேன். இப்பல்லாம் எதுவும் தலையில நிக்க மாட்டேங்குதுடா."

ஹெவின் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மெல்ல மெல்ல முகத்தில் நிறம் திரும்பியது. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடப்பாவி! நான் பயந்தே போயிட்டேன். உங்கப்பன் மாதிரியே ஆயிட்டு வர்றடா நீ."

"ஆமாடா" என்றார் இத்வால். "வா, சேத்துடலாம்."

மலையிலிருந்து ஆடு இறக்கும் நாளில் இரண்டு வண்டிகளும் ஊளையில்லாமல் மேலேறின. ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்கும்போது, ஹெவின் கதையை ஊருக்கே சொன்னார். பாவம் இத்வால், அடுத்தவன் வண்டியைப் பிரித்துவிட்டு மறந்துபோனான், இனி ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் உச்சுக்கொட்டினார்கள். இத்வால் தலையை ஆட்டிக்கொண்டே பழரொட்டி தின்றார்.

மென்னா அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். பிறகு ஹெவினுடைய கோப்பையிலும் ஊற்றினாள். ஹெவின் அதே கதையை அதே ஆட்களிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.