குருசாமி சார் நம்பர்

பாளையம்பட்டிக் கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கணக்கு ஆசிரியர் குருசாமி போய்விட்டார். திருச்சுழிப் பள்ளியில் அவரும் நானும் எதிரெதிர் மேசை. இருவருக்கும் கணக்குதான் பாடம். உங்களிடம் மறைப்பானேன்? அழுதேன். அழும்போதும் அவர்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் அதிலுள்ள எண் எதனால் வகுபடும் என்று முதலில் சொல்வது எங்கள் பந்தயம். நான் ஏழிலேயே திணறிக்கொண்டிருப்பேன். "பதிமூணுல போகும் சார்" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அப்படித் திரும்புவதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து நானும் ஓர் எண்ணைப் பிடித்தேன்: 73939133. பகா எண். கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சும் 7393913-உம் பகா எண். இப்படியே பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாலும் 739, 73, 7 என்று கடைசிவரை எதுவும் வகுபடாது. வெளியுலகில் யாரோ முன்பே கண்டுபிடித்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. இருக்கட்டும், எங்கள் வட்டாரத்தில் கண்டுபிடித்தவன் நான்.

பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் எழுதிக் காட்டினேன். குருசாமி அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். மறுநாள் வந்தார்.

"சார், ஒங்க நம்பரு இதோட நின்னுரும். பின்னால எதைச் சேத்தாலும் வகுபட்டுரும். ரெட்டைப்படையும் அஞ்சும் சொல்லவே வேணாம். ஒண்ணு, ஏழு சேத்தா மூணுல போகும். மூணையும் ஒம்பதையும் வீட்டுல போட்டுப் பாத்துட்டேன், அதுவும் தேறல."

எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் 'குருசாமி சார் நம்பர்'. "அது அவுக கண்டுபிடிச்சதுய்யா" என்று அவரே சொல்லிப் பார்த்தார். என்ன ஒரு தன்னடக்கம் என்று அதற்கும் அவரைத்தான் புகழ்ந்தார்கள்.

எம்.ரெட்டியபட்டியில் அவர் வீட்டு முன்னால் பழைய மாணவர்கள் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் என் எண். ஆனால் கடைசி இலக்கம் 3 அல்ல, 1. இலக்கங்களைக் கூட்டினால் 36. அப்பட்டமாக ஒன்பதால் வகுபடும். அடித்தவரும் கவனிக்கவில்லை, கட்டியவர்களும் கவனிக்கவில்லை. பார்த்ததும் கண்டுபிடித்திருக்கக்கூடியவர் உள்ளே படுத்திருந்தார். கிடக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. பழைய மாணவன் முருகேசனிடம் மார்க்கர் வாங்கி, ஒன்றை மூன்றாக்கினேன்.

"அவுக நம்பரை இம்புட்டு மனப்பாடமா வச்சிருக்கீகளே சார்!" என்று முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் மூடியைப் போட்டு மார்க்கரைத் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பி வந்த பஸ்ஸில் டிக்கெட்டைப் பார்த்து, பதிமூன்றில் போகும் என்று நான்தான் முதலில் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் வயிறெரிய ஆளில்லை.

குருசாமி, எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொறாமையை நான் வைத்துக்கொள்கிறேன். இதையாவது யாரும் உங்கள் பெயரில் எழுதிவிட மாட்டார்கள்.