பூக்கொட்டகையில் ஒரு ஜெபம்

ஆகஸ்ட் 11, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்து, சர்ச்சில் முதல் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிலக்கோட்டை வேனிலிருந்து மல்லிகை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரச்சாக்கு வாசனையில் எங்கள் ஊர்ப் பூக்கொட்டகை நினைவுக்கு வந்தது.

இப்போது அங்கே பெட்ரோல் பங்க் இருக்கிறது. அப்போது ஞாயிறுதோறும் பூ வண்டி கிளம்பியபின், அதே தகரக் கூரையின்கீழ் கன்னியர் மடத்து சிஸ்டர் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு நடத்துவார். ஈரச்சாக்கில் உட்கார்ந்து எழுந்தால் பாவாடையில் நசுங்கிய மொட்டுகள் ஒட்டியிருக்கும், "ஏய், பின்னாடி பூக்கடை" என்று பையன்கள் சிரிப்பார்கள்.

என் வகுப்புத் தோழி செல்வியின் அப்பா பிழைக்க வேண்டுமென்று ஒரு மாதம் அங்கேதான் ஜெபித்தோம். அவர் இறந்துபோனார். அடுத்த ஞாயிறு ஜெபம் சொல்லும் முறை செல்விக்கு வந்தது. 'உமது திருவுளம் நிறைவேறுக' என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள்.

"மறந்துட்டியாடி?" என்றேன்.

"மறக்கல. இதைச் சொல்ல செத்த நேரமாகும். இருங்க."

சிஸ்டர் எடுத்துக்கொடுக்கவில்லை, எங்களோடு சாக்கில் உட்கார்ந்து, கூரைத் தகரம் வெயிலில் விரிந்து டக்டக்கென்னும் சத்தத்தைக் கேட்டபடி காத்திருந்தார். வெகுநேரம் கழித்துச் செல்வியே மீதியைச் சொன்னாள்.

இன்று மாலை ஜெபத்தில், என் அண்ணன் மகள் ஜெனிபர் வாயே திறக்கவில்லை; அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "சொல்லுடி" என்று அதட்ட வந்த அண்ணியைக் கையமர்த்தினேன்.

ஆகஸ்ட் 12, திங்கள். காலை முதல் வேலையாக ஜெனிபரோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். பாதி வழியில், "அத்தை, நீங்க ஜெபம் சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டு வாரேன்" என்றாள்.