ஆள் நிற்காத பரீட்சை

பெங்களூரில் எங்கள் கன்டோன்மென்ட் தேசியக் கல்லூரி பல்கலைக்கழகம் ஆகப்போகிறது என்று பேச்சு வந்ததும் முதலில் மாறியது வாசல். அழகான கல் தூண்களை மறைத்து ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் எங்கள் நோக்கம், குறிக்கோள், விழுமியங்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன. எழுதியவர் ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர், கல்லூரிக்குள் ஒரு நாள்கூடக் கால் வைக்காதவர். பெயரை மட்டும் மாற்றி அந்த வாசகங்களை ஒரு சோப்புக் கம்பெனி வாசலில் மாட்டினாலும் யாருக்கும் சந்தேகம் வராது. நான் அங்கே தமிழ் வாத்தியார், பெயர் அசோகன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும்.

என்னைக் கேட்டால், எங்கள் கல்லூரியின் குறிக்கோள் மாடி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பெயர் மௌரீன் மேடம்.

மௌரீன் கணக்குப் பேராசிரியை. காக்ஸ் டவுனில் வீடு. கணவர் டிரேவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் பாடும்போது மட்டும்தான் மௌரீனின் குரல் உயரும். மற்ற நாட்களில் காது கொடுத்துத்தான் கேட்கவேண்டும். பல வருஷங்களாகப் பரீட்சைப் பொறுப்பும் அவரிடமே இருந்தது.

எங்கள் பரீட்சை கொஞ்சம் விசித்திரமானது. ஹாலில் கண்காணிப்பாளர் கிடையாது. ஆசிரியர் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். கடைசி மணி அடித்த பிறகுதான் உள்ளே போய் விடைத்தாள்களை வாங்குவார். நடுவில் யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் கல்லூரியைத் தொடங்கியவர்கள் வைத்த வழக்கம் இது. வெள்ளைக்காரன்தான் நம்மை நம்பவில்லை, நாமாவது நம் பிள்ளைகளை நம்புவோம் என்றார்களாம். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலைக் கல்லூரி தொடங்கியதும், வயது பார்க்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டதும் அதே ஆட்கள்தான். பிற்பாடு தன்னாட்சி வந்து செமஸ்டர் பரீட்சையை நாங்களே நடத்த ஆரம்பித்தபோது, அதற்கும் இதே வழக்கம்தான் என்று விடாப்பிடியாக நின்றவர் மௌரீன்.

பெங்களூரில் செமஸ்டர் பரீட்சையும் அவரைக்காய் சீசனும் சேர்ந்தே வரும். ஊறவைத்த அவரைப் பருப்பை மௌரீன் ஒரு டப்பாவில் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கியபடி வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். கைக்கு வேலை இருந்தால்தான் உள்ளே எட்டிப்பார்க்கும் ஆசை வராது என்பது அவர் போட்ட கணக்கு.

"உள்ள பிட்டு பறக்குது, நீங்க இங்க பருப்பு பிதுக்கிட்டு இருக்கீங்க மேடம்" என்பேன்.

"பறந்தா பறக்கட்டும் சார். நீங்களும் உக்காந்து ரெண்டு பிதுக்குங்க."

நானும் பிதுக்குவேன். ஆனால் மனசுக்குள், இது நடைமுறைக்கு ஒத்துவராத கூத்து என்றுதான் நினைத்துக்கொள்வேன். சில சமயம் சத்தமாகவும் சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

பல்கலைக்கழகத் தகுதிக்கு எங்களைப் பார்வையிட ஒரு குழு வரப்போகிறது, அதுவும் பரீட்சை நேரத்தில் வருகிறது என்று தெரிந்ததும் பிரின்சிபால் முனிராஜுக்குத் தூக்கம் போய்விட்டது. மௌரீனைக் கூப்பிட்டனுப்பினார். ஏதோ கையெழுத்துக்காகப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"மேடம், நீங்க ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணணும். அன்னைக்கு மட்டும் ஹாலுக்கு ஒரு ஆள நிறுத்திடுங்க. அவங்க போனதும் எடுத்துடலாம்" என்றார் முனிராஜ்.

"ஒரு நாள் நிறுத்திட்டா, மறுநாள் எந்த முகத்தோட சார் வெளிய வந்து உக்காருவேன்?"

"இதனால யூனிவர்சிட்டி வராம போயிடுச்சுன்னா?"

பல்கலைக்கழகம் ஆகவேண்டும் என்று மௌரீனும் ஆசைப்பட்டவர்தான். பகலில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் மாலையில் வந்து எம்.எஸ்ஸி. படிக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. முனிராஜ் கையைப் பிசைந்தார். கடைசியில், "சரி, ஆள் போடாட்டியும் பரவாயில்ல. யாராச்சும் கேட்டா, நம்ம காலேஜ்ல காப்பியடிக்கிறதே கிடையாதுன்னு சொல்லிடுங்க" என்று கெஞ்சலாகச் சொன்னார். மௌரீன் எழுந்து வெளியே வந்தார், நானும் கூடவே வந்தேன்.

படி இறங்கும்போது என்னிடம், "பயமா இருக்கு சார். இந்த வழக்கம் போயிடுச்சுன்னா அப்புறம் நம்ம காலேஜ்ல மிச்சம் இருக்கிறது பில்டிங்தான்" என்றார். அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

குழு ஒரு மாலை நேரத்தில் வந்தது. முனிராஜ் தூரத்திலிருந்தே ஜாடை காட்ட, மௌரீன் பருப்பு டப்பாவை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். எல்லோரும் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் மட்டும் தனியாக மாடி ஏறி, பின்பக்கக் கதவு வழியாகப் பரீட்சை ஹாலுக்குள் நுழைந்துவிட்டார். முன்பக்கம் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரியாது.

உள்ளே மாலை பி.காம். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. சிவாஜிநகரில் சாவி செய்யும் முகேஷ் தலையை நிமிர்த்திப் பார்த்தான். நரைத்த தலை. கசங்கிய சட்டை. எங்கள் மாலைக் கல்லூரியில் நரைத்த தலை அதிசயமே இல்லை. பரீட்சை நடுவில் ஒரு வாத்தியார் உள்ளே வந்ததாகச் சரித்திரமும் இல்லை. ஆகவே இவர் யார்? வேலையிலிருந்து தாமதமாக ஓடிவரும் மாணவர். முகேஷ் எழுந்துபோய் மேஜையில் மிச்சமிருந்த கேள்வித்தாளையும் விடைத்தாளையும் எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"லேட் ஆயிடுச்சுண்ணா, சீக்கிரம் உக்காருங்க. பேனா இருக்கா?"

பேனாவும் கொடுத்தானாம். பேராசிரியர் ஒன்றும் பேசாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நன்றாக அரை மணி நேரம் எல்லாவற்றையும் பார்த்தார். அவரை யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்கவில்லை. இதை அவரே பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

ஆனால் வெளியே வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதற்குள் முனிராஜும் மற்றவர்களும் மேலே வந்திருந்தார்கள். பேராசிரியர் நேராக மௌரீனிடம் வந்தார்.

"இங்க யாரும் காப்பியடிக்க மாட்டாங்களா மேடம்?"

"நம்ம காலேஜ்ல அந்தப் பேச்சுக்கே இடமில்ல சார்" என்றார் முனிராஜ் முந்திக்கொண்டு.

"அடிப்பாங்க சார்" என்றார் மௌரீன். "எல்லா செமஸ்டர்லயும் யாராச்சும் அடிப்பாங்க."

முனிராஜ் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் பல்கலைக்கழகம் அந்த வராந்தாவிலேயே முடிந்துபோனதாக நினைத்தேன்.

"தெரிஞ்சுமா ஆள் போடல?"

"ஆள் நின்னா அடிக்கமாட்டாங்க. ஆள் போனப்புறம்? இவங்க நாளைக்கு பேங்க்ல உக்காருவாங்க, ஆஸ்பத்திரில உக்காருவாங்க, கவர்மென்ட் ஆபீஸ்ல உக்காருவாங்க. அங்க யாரு சார் பக்கத்துல நிக்கப்போறாங்க? யாரும் பாக்காதப்ப எப்படி இருக்கிறதுன்னு எங்கயாச்சும் பழகணும் இல்ல? நாங்க கணக்கு சொல்லிக்குடுக்கிறோம், அக்கவுண்ட்ஸ் சொல்லிக்குடுக்கிறோம். இதயும் சொல்லிக்குடுக்கிறோம். எல்லாருக்கும் கணக்கு வர்றதில்ல. அதே மாதிரி இதுவும் எல்லாருக்கும் வர்றதில்ல."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஒருத்தன் சட்டைக்கைய மடிச்சுப் பாத்து எழுதினான். நானே பாத்தேன்" என்றார் பேராசிரியர். "மத்தவங்க அவன் பக்கம் திரும்பக்கூட இல்ல. அதயும் பாத்தேன். நீங்களும் இங்க காப்பியடிக்க மாட்டாங்கன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் வேற எதயும் கேக்காம கீழ போயிருப்பேன்."

சில மாதங்களில் பல்கலைக்கழகம் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தது. செமஸ்டர் பரீட்சைகளில் கேமராவும் கண்காணிப்பாளரும் கட்டாயம். உள் தேர்வுகளை மட்டும் எங்கள் வழக்கப்படி நடத்திக்கொள்ளலாம். அந்த ஒரு சலுகையைக் கோயம்புத்தூர்க்காரர்தான் வாங்கித் தந்திருப்பார் என்பது எங்கள் ஊகம். கல்லூரி முழுக்க மைசூர்பாக் கொடுத்தார்கள். மௌரீனும் ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார். ஹால்களில் கேமரா மாட்ட வந்தவர்களுக்கு அவரே கூட நின்று இடம் காட்டினார். கோபம் வந்தது எனக்குத்தான். இத்தனை வருஷம் கேலி செய்தவனுக்கு ஏன் கோபம் வரவேண்டும் என்று எனக்கே புரியவில்லை.

பல்கலைக்கழகத்தின் முதல் செமஸ்டர் பரீட்சையில் மாலை பி.காம். கடைசி வருஷத்துக்குக் கண்காணிப்பாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான்.

கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு நின்றேன். அந்த ஹாலில் பரீட்சை எழுதுகிறவர்களின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரு பெஞ்சைப் பார்த்தால் அங்கிருப்பவர் மீது சந்தேகப்படுவதுபோல் இருந்தது. கண்ணை எடுத்தால் வேலையில் ஏமாற்றுவதுபோல் இருந்தது. இரண்டு தடவை நடந்தேன், ஒரு தடவை இருமினேன். திருட வந்தவன் நான்தானோ என்று கூச்சமாக இருந்தது.

மூன்றாவது பெஞ்சில் சின்னத்தாயி எழுதிக்கொண்டிருந்தாள். பிரேசர் டவுனில் ஒரு அபார்ட்மென்டில் துப்புரவு வேலைக்காரர்களுக்கு மேஸ்திரியாக இருப்பவள், என் தமிழ் வகுப்பில் படித்தவள். பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சார், யாரையாச்சும் தேடுறீங்களா? பேரு சொல்லுங்க, நான் காட்டுறேன்."

குத்திக்காட்டவில்லை. எனக்கு உதவி செய்யத்தான் கேட்டாள். ஹால் முழுக்க நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

"இல்லம்மா. நீங்க எழுதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் கட்டோடு மௌரீனின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். மறைக்கவில்லை.

"இந்த பேட்ச் போயிடுச்சுன்னா, இதக் கேக்க ஆள் இருக்காது சார். அடுத்த வருஷம் வர்றவங்க உங்கள நிமிந்துகூடப் பாக்கமாட்டாங்க. பரீட்சைன்னா ஆள் நிப்பாங்கன்னுதான் அவங்களுக்குத் தெரியும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார்.

"திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் இயருக்கு இன்டர்னல் டெஸ்ட் இருக்கு. அது இன்னும் நம்ம கையிலதான் இருக்கு. பேப்பர நீங்க குடுங்க."

"நானா?"

"நீங்கதான். நான் குடுத்தா, இது இந்த அம்மாவோட பிடிவாதம்னு நினைப்பாங்க. நீங்க குடுத்தா, இந்த எடத்து வழக்கமே இதுதான்னு நினைப்பாங்க."

"குடுத்துட்டு?" என்றேன்.

"வெளிய வந்துடுங்க."