காலிப்பரில் ஒரு நெளிவு

அருங்காட்சியகத்தில் விவர அட்டை எழுதுபவருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் 'கண்ணீர்க் கம்பெனி'. நாற்பது சொற்களுக்குள் ஆளை அழவைத்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. புது அட்டையை மாட்டிவிட்டுத் தூணோரம் நின்று, யார் கைக்குட்டையை எடுக்கிறார்கள் என்று பார்ப்பார். ஒருவரும் எடுக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

போலியோ வந்த குழந்தைகளின் காலில் மாட்டும் இரும்புக் காலிப்பர் ஒன்று வந்து சேர்ந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு நெளிவு. சும்மா விடுவாரா மனுஷன்? 'விதியின் கொடுமையைச் சுமந்த பிஞ்சுக் கால்! இந்த நெளிவு, அடிக்கு அடி அவள் பட்ட வேதனையின் தழும்பு' என்று வெளுத்து வாங்கிவிட்டார்.

கண்காட்சி திறக்க இரண்டு நாள் இருக்கையில், காலிப்பரைக் கொடுத்த அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பார்க்க வந்தார். அட்டையைப் படித்தார். கைக்குட்டையை எடுக்கவில்லை.

"யாருங்க இதை எழுதினது?"

"நான்தாம்மா" என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

"காலிப்பரை எடுத்துக் குடுங்க. வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அறைக்கே அதுதான் உயிர்.

"தப்பா எழுதிட்டேனாம்மா?"

"வேதனையாம், தழும்பாம்! என் தம்பி சைக்கிளை எனக்குத் தராம அவனே ஓட்டிக்கிட்டிருந்தான். சக்கரத்துல ஓங்கி ஒரு உதை விட்டேன். நாலு கம்பி போச்சு, இதுவும் நெளிஞ்சது. பார்க்கிறவங்க எல்லாம் 'ஐயோ பாவம்'னு உச்சுக் கொட்டினப்ப, அவன் ஒருத்தன்தான் என்கிட்ட சரிக்குச் சமமா சண்டை போட்டான். இப்ப நீங்களும் உச்சுக் கொட்டுறீங்க."

"நாளைக்கு ஒரு தடவை வந்து பாருங்கம்மா. அப்பவும் பிடிக்கலைன்னா நானே ஆட்டோவுல ஏத்தி விடறேன்" என்று கெஞ்சினார்.

அன்று மாலை முழுக்க அடித்து அடித்து எழுதினார். 'விதி' போனது, 'பிஞ்சு' போனது. ஒவ்வொன்றையும் அடிக்குமுன் கடைசியாக ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார். எல்லாம் போன பிறகு அட்டை மொட்டையாகத் தெரிந்தது. பயந்துகொண்டேதான் மாட்டினார்.

'எட்டு வயதுச் சிறுமி அணிந்த காலிப்பர். சைக்கிளைத் தராத தம்பியின் சக்கரத்தை உதைத்ததில் நெளிந்தது. சக்கரத்தில் நான்கு கம்பிகள் உடைந்தன.'

மறுநாள் அந்த அம்மாள் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இருக்கட்டும். இங்கேயே இருக்கட்டும்."

கடைசி வரியை இன்னொரு முறை படித்தார்.

"நாலு இல்லை, அஞ்சுன்னு சண்டைக்கு வந்திருப்பான்" என்றார். "இருந்திருந்தா."

கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார். தூணோரம் நின்றவர் அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.