கல் என்றால் நாளை

பழுதானாலும் நிற்காத சர்வருக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்களே, உங்களில் தெளிவாக இருப்பவர் யாராவது உண்டா? நான் டெல்லிக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒரு கூரியர் கம்பெனிக்குப் பார்சல் பதிவு புரோகிராம் எழுதக் கொடுத்தார்கள். அது தேறினால் ஆறாம் மாதம் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஜனக்புரி அறையைக் காலி பண்ணிவிட்டுத் திருச்சிக்கு ரயிலேற வேண்டியதுதான்.

லெஹங்காவும் ஊறுகாயும்

பார்சலுக்கு நம்பர் போட, புரோகிராமுக்குள்ளேயே ஓர் எண்ணை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனேன். என் மேஜைக் கம்ப்யூட்டரில் சமர்த்தாக ஓடியது. சர்வரில் ஏற்றிச் சோதித்தால், கல்யாண லெஹங்காவுக்கும் ஊறுகாய் டின்னுக்கும் ஒரே நம்பர். காலையிலிருந்து மத்தியானம் வரை திருதிருவென்று முழித்தேன்.

டீம் லீடர் சண்முகம் சார் திருநெல்வேலிக்காரர். வந்து பார்த்துச் சிரித்தார். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று அந்த சர்வர் என் புரோகிராமை நாலு பிரதியாக ஓட்டுகிறதாம். இதை முதல் நாளே சொல்லக் கூடாதா மனுஷன்? "நம்பரை டேட்டாபேஸ்ல வைம்மா. இங்க நாலு பேரு எண்ணுதானுவ, ஒருத்தன் எண்ணுதது அடுத்தவனுக்குத் தெரியாது பாத்துக்கோ."

புகாரே இல்லை

பின்கோடு எழுதாத பார்சல் வந்தால் என் புரோகிராம் பொட்டென்று செத்துவிடும். அது எனக்கே தெரியாது. ஏனென்றால் செத்த நொடியில் சர்வர் அதை எழுப்பி உட்கார வைத்துவிடும். இரண்டு வாரம் கழித்து சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாகச் சாவு. பதறிப்போய்க் கூரியர் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர் சர்மாஜிக்குப் போன் போட்டேன். "பஹுத் படியா மேடம், ரொம்பப் பிரமாதம். ஒரு நொடிகூட நிற்காத இப்படி ஒரு புரோகிராமை நான் பார்த்ததே இல்லை."

உருவிய போர்டு

கடைசிச் சோதனைதான் என் தலையெழுத்து. சர்வரில் இரண்டு ப்ராசஸர் போர்டு. கூரியர் கம்பெனியின் பெரிய அதிகாரி முன்னால் ஒன்றை நான் கையால் உருவ வேண்டும், பதிவு நிற்கக் கூடாது. முந்தைய நாள் சர்மாஜி போன் செய்தார்: "மேடம், ஏக் போர்டு கல் நிகாலா தா, தேக் லேனா." என் ஹிந்தி காய்கறி வண்டி பையாவிடம் கற்றது. அவர் "பிண்டி கல் ஆயேகி" என்றால் மறுநாள் வெண்டைக்காய் வரும். கல் என்றால் நாளை, அவ்வளவுதான் தெரியும். நாளைக்கு ஒரு போர்டை எடுக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் போல என்று "அச்சா ஜி" சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் அதிகாரி எதிரில் ஒரு போர்டை உருவினேன். எல்லாத் திரையிலும் பதிவு அப்படியே நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் சண்முகம் சார் விளக்கினார். ஹிந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். போன் செய்ததற்கு முந்தைய நாளே சர்மாஜி தூசி தட்ட மற்ற போர்டை உருவியிருக்கிறார். திரும்பச் செருகினாராம், உயிர் கொடுக்கத் தெரியவில்லையாம். அதைத்தான் என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த ஒரே போர்டை நான் பிடுங்கியிருக்கிறேன். சர்மாஜி கூரையைப் பார்த்தார். அதிகாரி கோபப்படக்கூட இல்லை. "எந்தப் பழுதையும் தாங்கும் என்றீர்கள், சரி. உங்களையும் சர்மாஜியையும் சேர்த்துத் தாங்காது என்று ஏன் சொல்லவில்லை?"

வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனதுதான் மிச்சம், நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் நிற்காத சர்வரை எப்படித்தான் ஓட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.