பயம் வராத செமஸ்டர்

நான் படித்தது சாகசப் பயணத் தலைமை. இதைச் சொன்னால் யாரும் அடுத்த கேள்விக்குப் போவதில்லை. "என்ன படிக்கிற?" என்று அதே கேள்வியை இன்னொரு முறை கேட்பார்கள். மலையேற்றம், கயிற்றில் பாறை இறங்குவது, ஆற்றில் ரப்பர் படகு, காட்டில் கூடாரம் என்று பழக்கமில்லாத மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவது எப்படி என்று ஒரு பல்கலைக்கழகம் மூன்று வருடம் சொல்லிக்கொடுக்கும் என்பதை விவேக் நகரில் எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவரும் நம்பவில்லை. சித்தி வாய்விட்டே கேட்டாள். "மலை ஏற இன்னாத்துக்குடி டிகிரி? ஆடு ஏறலியா?"

அப்பாதான் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்ட கையோடு கிண்டலையும் ஆரம்பித்தார். தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "எங்கப்பன் கூலி வாங்கிக்கினு கீழ எறங்குனான். நீ ஃபீஸு கட்டிட்டு எறங்குற. குடும்பம் நல்லாத்தான் முன்னேறுது" என்பார். சனிக்கிழமை வகுப்புக்கு நான் கிளம்பும்போதெல்லாம் இதில் ஏதாவது ஒரு வரியை எடுத்துவிட்டு, தானே சிரித்துக்கொண்டு, பொம்மசந்திராவில் இருக்கும் கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போவார். மனிதருக்கு என் படிப்பைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் வருடக் கடைசி செமஸ்டர் தொடங்கியதுமே அவர் இறந்துபோனார். ஷிஃப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவர், கடைசி ஸ்டாப்பில் எழுப்பியபோது எழவில்லை. அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, அடுத்த வாரமே நான் வகுப்புக்குத் திரும்பினேன். விரும்பினால் ஒரு செமஸ்டர் விட்டுவிட்டுத் தொடரலாம் என்றார் எங்கள் பயிற்சியாளர். அவர் ஒரு கன்னடப் பெண்மணி, எங்களுக்கு மேடம். வேண்டாம் என்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். கரண்டு போன வீட்டில் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பதுபோல அவ்வப்போது அப்பாவை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் எரியவில்லை.

எங்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றைத் தொடுவதற்கு முன், காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, அன்றைக்கு எப்படி இருக்கிறோம் என்பதை விரலில் காட்ட வேண்டும். நன்றாக இருந்தால் ஐந்து. மூன்றுக்குக் கீழே போனால் அன்று முழுவதும் பையைத்தான் சுமக்கலாம், அடுத்தவர் உயிரைப் பிடிக்கக் கூடாது. ஐந்து காட்டினால் அலட்டல், இரண்டு காட்டினால் ஒரு நாள் வீண். அதனால் காய்ச்சலில் இருப்பவன்கூட நான்கு காட்டுவான். நானும் முன்பெல்லாம் நான்குதான். அப்பா போன பிறகு ஐந்து காட்ட ஆரம்பித்தேன். பொய்யெல்லாம் இல்லை. தலை வலிக்கிறதா, இல்லை. தூக்கம் போதவில்லையா, போதும். பயமா, அதுவும் இல்லை. வேறென்ன வேண்டும், ஐந்துதான்.

முதல் வருடத்தில் பாறை விளிம்புக்கு வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கலக்கலில் முடிச்சை மறுபடியும் பார்ப்பேன், கொக்கியின் பூட்டை மறுபடியும் திருகுவேன். இப்போது வயிறு கம்மென்று கிடந்தது. இறங்கும் வழியில் ஒரு வகுப்புத்தோழன் கயிறு சிக்கிப் பாதியில் தொங்கியபோது நான்தான் போய் விடுவித்துக் கொண்டுவந்தேன். அவன் அழுதான். எனக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போயிருக்குமே என்று தோன்றியது. "இவளைப் பாருங்க, எவ்வளவு கூல்" என்றார் மேடம். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்ததை எல்லோரும் ஞானம் என்று எடுத்துக்கொண்டார்கள். கஷ்டமான பாறையா, எனக்குத்தான் வரும்.

அந்த செமஸ்டரின் செய்முறைத் தேர்வு ராமநகரா பக்கத்துப் பாறை ஒன்றில், ஒரு சனிக்கிழமை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியிலிருந்து ஒரு குழுவை அழைத்து வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒருவரைப் பாதுகாப்பாக இறக்க வேண்டும். அதில் தேறினால்தான் அடுத்த வருடம் வெளியாட்களைக் கூட்டிப்போகும் அனுமதி. தவறினால் மறுபடியும் அந்த செமஸ்டர். எனக்கு வந்தவள் ஈரோட்டுக்காரப் பெண். தாலியை டி-ஷர்ட்டுக்குள் தள்ளிவிட்டு, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்றாள்.

"ஏங்க, எல்லாஞ் சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குங்க."

"பாத்துட்டீங்கல்ல?"

"பாத்துட்டேன்."

சொல்லிவிட்டேன். ஆனால் பார்த்தது ஞாபகம் இல்லை. கொக்கியைப் பூட்டினேனா? குனிந்து பார்த்தேன், பூட்டியிருந்தது. நிமிர்ந்ததும் அதுவும் மறந்துபோனது. மறுபடியும் குனிந்தேன். கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்திருந்தது. அதில் நான் இல்லை.

"என்ற புள்ள வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிருக்கறாளுங்க. யூகேஜி படிக்கறா" என்றாள் அவள். உதடு காய்ந்திருந்தது. "உங்களுக்கெல்லாம் பயமே வராதுங்களா?"

"வராதுங்க."

"குடுத்து வெச்சவீங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பெண் விழுந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நிஜமாகவே தேடிப் பார்த்தேன். கீழே பாறை, ஆம்புலன்ஸ், போன் எடுக்கும் ஒரு புருஷன் எல்லாம் வரிசையாக மனதில் வந்தன. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பின்னால் சாய்ந்து முதல் அடி வைக்க அவள் முழங்காலை மடக்கினாள்.

"நிறுத்துங்க" என்றேன். அவளைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தேன்.

யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் தேர்வில் கயிற்றைக் கைமாற்றினால் தேர்வு அத்தோடு முடிந்தது. மேடம் வந்து முடிச்சு, கொக்கி, இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்.

"ஏனாயித்து? என்ன ஆச்சு? எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"கயிறு சரியா இருக்கு மேடம். நான் சரியா இல்ல."

"காலையில அஞ்சு காட்டினியே மா?"

"எங்கயும் வலிக்கல. அதான் அஞ்சு."

திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். ஈரோட்டுக்காரி வழி முழுக்க முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கி, கீழே போனதும் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்லது என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அது பொய்.

மற்றவர்களுக்குத் தேர்வு நடந்துகொண்டிருக்க, என்னை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெயில் இறங்குவதற்குள் விவேக் நகர் வந்துவிட்டேன். வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு ஆன்ட்டி துணி எடுத்துக்கொண்டிருந்தார். "உங்கம்மா கோயிலாண்ட இருப்பாங்கம்மா. சனிக்கெழமன்னா நீ வர்ற நேரம் வரைக்கும் அங்கதான?"

எனக்கு இது தெரியாது. நான் வரும்போதெல்லாம் அம்மா அடுப்பங்கரையில்தான் இருப்பாள்.

சர்ச் வளாகத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஜெபமாலையை உருட்டவில்லை. இரண்டு கைக்கும் நடுவில் போனை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தவள், எழுந்த வேகத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா ஆச்சு? இவ்ளோ சீக்கிரம் வந்துக்கிற?"

"ஒண்ணும் ஆவல. ஃபெயிலாயிட்டேன்மா."

"அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

தடாலென்று உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"உங்கப்பா இருக்கசொல்ல எனக்கு இந்தத் தலவலி இல்ல. நீ கயித்துல எறங்குற அன்னிக்கெல்லாம் அந்தாளு கம்பெனில சோறே துன்னமாட்டாரு. டப்பா அப்படியே திரும்பி வரும். நீ ஊட்டுக்குள்ள கால் வெச்ச அப்பறந்தான் அத்த எடுத்துத் துன்னுவாரு. அவரு பயந்தாரு, நான் நிம்மதியா தூங்குனேன். இப்ப நான் ஒருத்தியே பயப்பட வேண்டியதா கீது."

"எங்கிட்ட கிண்டல்தானம்மா பண்ணுவாரு?"

"பின்ன, பயந்துக்கினே அனுப்பினா நீ போவியா?"

சனிக்கிழமைகளில் நான் பையை இறக்கி வைக்கும்போது அப்பா டப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சாயங்கால நேரத்தில் என்ன சாப்பாடு, இப்படித் தின்றால் தொந்தி வைக்கும் என்று திட்டியிருக்கிறேன். ஆமாம்டி, பசி தாங்கலை என்பார். தலை நிமிராமல் சாப்பிடுவார்.

முதலில் வயிற்றில்தான் கலக்கியது. பாறை விளிம்பில் வருமே, அதே கலக்கல். அம்மா பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு, அசிங்கமாக அழுதேன். பூசைக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.